பெயரைக் குறிப்பிடவும்

ஷாரோனைப் பயம் பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லப்பன் வீட்டில், கண்ணை மூடிக்கொண்டு அவள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது. பேய்க்குப் பயந்தால் வேப்பிலை அடிக்கவாவது ஆள் இருக்கிறது. தன் வாயைப் பார்த்துத் தானே பயப்படுகிறவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

எல்லப்பன் பைக்கிலிருந்து விழுந்து, இடுப்பில் அடிபட்டுக் கட்டிலோடு கிடந்தான். சபைக்காரர்கள் கட்டிலைச் சுற்றிப் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சகோதரி ஷாரோன் ஜெபத்துல நம்மள நடத்துவாங்க" என்றார். ஷாரோன் முக்காட்டை இழுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, வேதனையின் இந்தப் பள்ளத்தாக்கில் நாங்கள் தனியாக நிற்கவில்லை. உமது கிருபையின் நிழலில் நிற்கிறோம். உம்முடைய அன்புப் பிள்ளையாகிய பெயரைக் குறிப்பிடவும் மேல் உமது குணமாக்கும் கரத்தை வைத்தருளும்."

வாயை விட்டுப் போன பிறகுதான் அது காதில் விழுந்தது. யாராவது சிரிப்பார்கள் என்று கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். பாஸ்டராவது இருமுவார் என்று எதிர்பார்த்தாள்.

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். எல்லப்பனும் சொன்னான். தன் பேர் எல்லப்பன் என்பது அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அப்படியும் கண்ணீர் வழியச் சொன்னான்.

உத்திரமேரூர் ஏரிக்கரை வழியாகப் போனால் வருகிற அந்தக் காலனியில் ஷாரோனின் ஜெபத்துக்கு ஒரு பேர் உண்டு. பத்தாவதோடு நின்றவள். நடவுக்குப் போனாள், களையெடுக்கப் போனாள், இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வயர் சுற்றுகிற வேலைக்கு வேனில் போய் வருகிறாள். புருஷன் பீட்டர் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. ஆனால் அவள் ஜெபம் பண்ண வாயைத் திறந்தால், கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். கடவுளிடம் அவள் கெஞ்சுகிற ரகம் இல்லை. ரேஷன் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பதுபோல் நிற்பாள்.

"அப்பா, போன வாரம் கேட்டதுக்கே நீர் இன்னும் பதில் சொல்லல. அதுக்குள்ள புதுசா ஒன்னு கேக்க வந்துட்டேன்னு கோச்சிக்காதீர். நான் வேற எங்க போவேன், தாலுக்கா ஆபீசுக்கா?" என்று ஒருமுறை கேட்டாள். சபையே சிரித்தது. சிரித்த வாயோடு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

என்ன சொல்லப் போகிறோம் என்று முன்கூட்டி அவள் யோசித்து வைத்ததில்லை. வாயைத் திறந்தால் வரும். எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ச்சி பண்ணியதும் இல்லை. கம்பெனியில் அவள் ஒரு நம்பர், வீட்டில் அடுப்புக்கு அடுத்த சாமான். அந்தக் கொஞ்ச நேரம்தான் தானும் ஒரு ஆள் என்று அவளுக்குத் தோன்றும். அதன்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. கடவுளைவிட ஒருவேளை அதைத்தான் அதிகம் நேசித்தாளோ என்னவோ, அது அவள் பாடு.

வந்தது வாட்ஸப். பாஸ்டர் சபைக்கென்று ஒரு குரூப் ஆரம்பித்து, தினமும் விடிந்ததும் ஒரு காலை ஜெபம் போடுவது ஷாரோன் பொறுப்பு என்றார். கொஞ்ச நாள் வேனில் உட்கார்ந்துகொண்டே சொந்தமாகப் பேசிப் பதிவு பண்ணி அனுப்பினாள். ஷிப்டு முடிந்து வந்து, சமைத்து, படுத்து, எழுந்து, மறுபடியும் வேனில் ஏறி, தினமும் புதிதாகக் கடவுளோடு சண்டை போட யாருக்கு முடியும்? ஒருநாள் வாயில் ஒன்றுமே வரவில்லை. பக்கத்து சீட்டில் பி.காம். முடித்த சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். அதே சபைக்காரப் பெண், அதே கம்பெனி.

"இன்னாத்துக்கு அக்கா இப்டி மண்டைய ஒடச்சிக்கற? ஏஐன்னு ஒன்னு கீது. அதுல கேளு, எய்திக் குடுக்கும்" என்று ஷாரோன் போனை வாங்கி, ஒரு ஆப்பை இறக்கித் தந்தாள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு காலை ஜெபம் என்று கேட்டார்கள். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் வந்துவிட்டது. வழவழவென்று, எங்கேயும் இடறாமல், சாஷ்டாங்கமாக விழுந்து கிடக்கிற தமிழ். படிக்கப் படிக்க ஷாரோனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாள் கடவுளிடம் தான் பேசிய பேச்சை நினைத்து முதல்முறையாக வெட்கமாகவும் இருந்தது. தாலுக்கா ஆபீசாம், தாலுக்கா ஆபீஸ்!

அதைத் தன் குரலில் படித்து அனுப்பினாள். குரூப் முழுக்கக் கூப்பிய கைகள். துபாயில் இருக்கிற சொந்தக்காரர்கள் வரைக்கும் போயிற்று. "சகோதரி, ஆவியானவர் உங்கள ஒரு படி மேல ஏத்திட்டாரு" என்றார் பாஸ்டர். ஏற்றியது யார் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் தப்பிருப்பதாகவும் ஷாரோனுக்குப் படவில்லை. பாட்டுப் பாடும்போது மட்டும் நாமா எழுதிப் பாடுகிறோம்?

மாங்காய் சீசனில் தொடங்கியது மழைக்காலம் வரைக்கும் ஓடியது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நோயாளிக்கான ஜெபம் கேட்பாள். அந்த ஆப்புக்கு ஆள் யாரென்று தெரியாதல்லவா? பேர் வர வேண்டிய இடத்தில் ஒரு அடைப்புக்குறி போட்டு, உள்ளே 'பெயரைக் குறிப்பிடவும்' என்று எழுதிவைக்கும். படிக்கும்போது அங்கே மட்டும் ஷாரோன் பேரைச் சொருகிக்கொள்வாள். எல்லப்பன் வீட்டில் அவள் கையில் போன் இல்லை, எதையும் படிக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தன் வாயால், தன் மனசிலிருந்துதான் ஜெபம் பண்ணினாள். மனசிலிருந்து அடைப்புக்குறி வந்துவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது பீட்டரைக் கேட்டாள். "நான் ஜெபத்துல தப்பா ஏதாச்சும் சொன்னனா?"

"சூப்பரா கீது. எல்லப்பன் தேம்பித் தேம்பி அய்தான் பாத்தியா?"

"அவன் பேர சொன்னனா?"

பீட்டர் நின்று யோசித்தான். "சொன்னியே. சொல்லாமயா இருப்ப?"

தப்பைக் கண்டுபிடித்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் எல்லம்மாள் ஜெபம் பண்ணினாள். எல்லம்மாளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள் மருமகன் முருகேசன் ராஜகுளத்துக்காரன், குடிகாரன். இந்த ஜில்லாவில் முருகேசன்களுக்குப் பஞ்சமில்லை என்பதால், கடவுள் ஆள் மாறிப் போய்விடக் கூடாதே என்று அவளுக்கு எப்போதும் கவலை. "ராஜகுளம் முருகேசன் ஆண்டவரே, லாரி ஓட்டறவன், இடது புருவத்துல தையல் போட்டிருக்கும், கடைசித் தெருவு" என்று அடையாளம் சொல்லித்தான் ஜெபம் பண்ணுவாள். சபையில் இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எல்லம்மாள் சட்டை பண்ண மாட்டாள்.

அன்றைக்கு அவள் கையை உயர்த்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, வாழ்க்கையின் புயல்களுக்கு நடுவில் நீரே எங்கள் நங்கூரம்" என்று ஆரம்பித்தாள். ஏரியைத் தவிர வேறு தண்ணீரை அவ்வளவாகப் பார்த்திராதவள் எல்லம்மாள். ஷாரோன் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"என் மருமகன் பெயரைக் குறிப்பிடவும் கர்த்தாவே! குடியின் கட்டுகளிலிருந்து அவனை விடுவியும்! பெயரைக் குறிப்பிடவும்!"

"ஸ்தோத்திரம்" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். ஒருத்தி அதையே திருப்பிச் சொன்னாள், பாட்டுக்குப் பின்பாட்டு மாதிரி. "பெயரைக் குறிப்பிடவும், ஸ்வாமி."

கூட்டம் கலைந்ததும் ஷாரோன் எல்லம்மாளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, அது இன்னா, பேரக் குறிப்பிடவும்னு சொன்னியே?"

"இன்னாடி, நீ சொல்லிக் குடுத்தத என்கிட்டயே கேக்கற? எல்லப்பன் வூட்டுல சொன்னியே. பரலோகத்துல கீற ஜீவபுஸ்தகத்துல அவன் பேரக் குறிச்சி வையும்னு ஆண்டவர்கிட்ட கேக்கறது. எனக்கு அப்டியே புல்லரிச்சிப் போச்சி."

"முருகேசன்னு நீ பேர சொல்லவே இல்லியே அக்கா?"

"அதான் குறிப்பிடவும்னு சொல்லிட்டனே. அவருக்குத் தெரியாதா, எந்த முருகேசன்னு? முன்னெல்லாம் நான் ஒருத்தி, பைத்தியக்காரி மாதிரி புருவம், தையலுன்னு ஒளறிக்கினு கெடந்தேன். புள்ளைங்கள்லாம் சிரிக்குங்க. உன்னால எனக்கு ஜெபம் பண்ணத் தெரிஞ்சிக்கிச்சி." சொல்லும்போதே எல்லம்மாளின் முகம் பூரித்துப் போயிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஷாரோன் வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வாள்? தன் வாய் போனது போகட்டும், நடுவில் எல்லம்மாள் வாயையும் அல்லவா பிடுங்கிக்கொண்டாள்? இடது புருவத்துத் தையலை இனி யார் கடவுளுக்கு எடுத்துச் சொல்வார்கள்? திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பீட்டர் லோடு ஏற்றப் போயிருந்த நேரம், அடுப்பங்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், பீட்டருடைய இருமலுக்காக மட்டும் பண்ணிப் பார்ப்போம் என்று முக்காடு போட்டுக்கொண்டாள்.

"வாழ்க்கையின் சோர்வான பாதைகளில்" என்று வந்தது. நிறுத்தினாள்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து, வேண்டுமென்றே தெருப் பேச்சில் ஆரம்பித்தாள். "அப்பா, பீட்டருக்கு இருமல் கீது." நன்றாக இருந்தது. அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். "இது வெறும் இருமல் அல்ல, இது எங்கள் பொறுமையின் பயணம்" என்றது வாய்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவளுக்கு அழுகை வந்தது. உள்ளே வேறொருத்தி உட்கார்ந்துகொண்டு, தன்னைவிட அழகாக, தன்னைவிட வேகமாக, தன் நாக்கை வைத்தே பேசுகிறாள் என்று தோன்றியது. அவளை எழுப்பி வெளியே அனுப்ப வழி தெரியவில்லை.

போனை எடுத்து அந்த ஆப்பை அழித்தாள். வாய்க்குள் இருப்பதை எங்கே போய் அழிப்பது? தன் பழைய ஜெபம் ஒன்றாவது எங்கேயாவது கிடக்கிறதா என்று குரூப்பில் மேலே மேலே தள்ளிப் பார்த்தாள். பழைய பதிவுகள் எல்லாம் போன் மாற்றியபோது போய்விட்டன. சபையில் சொன்னதை யார் எழுதி வைத்தார்கள்? ஜனங்கள் சிரித்தது ஞாபகம் இருந்தது, அந்தத் தாலுக்கா ஆபீசைத் தவிர என்ன சொல்லிச் சிரிக்க வைத்தோம் என்பது ஞாபகம் இல்லை.

தொண்டை கட்டிக்கொண்டதாகப் பாஸ்டரிடம் பொய் சொன்னாள். காலை ஜெபத்தைச் சுகிர்தா போட ஆரம்பித்தாள். அதே கூப்பிய கைகள், அதே இதயங்கள். குரல்தான் வேறு, மற்றபடி ஒருத்தருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ராத்திரி சோறு போடும்போது பீட்டரிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டாள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கா இம்மா பேஜார் பண்ணிக்கற? ஆண்டவரு இன்னா, நீ சொந்தமா சொன்னியா, பாத்து சொன்னியான்னு பரிச்சையா வைக்கறாரு?" என்றான்.

"எனுக்கு பயமா கீதுய்யா."

"இன்னாத்துக்கு?"

"நாளைக்கு நெசமா ஒன்னு கேக்கணும்னா, நான் எப்டி கேப்பேன்?"

பீட்டர் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அந்த நாள் அவளை அதிகம் காக்க வைக்கவில்லை. அந்த வாரமே செங்கேணி வந்து வாசலில் நின்றாள். ஏரிக்கரை ஓரத்து இருளர் வீடுகளில் இருப்பவள். ஷாரோனும் அவளும் ஒரே நடவு கோஷ்டியில் வருஷக்கணக்காகக் குனிந்து நிமிர்ந்தவர்கள். சபைக்கெல்லாம் செங்கேணி வருவதில்லை. அவளுக்குக் குலசாமி கன்னியம்மா இருக்கிறாள். ஆனால் ஒருதடவை அவள் மகன் வெங்கடேசன் டெங்குவில் விழுந்து, பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, ஷாரோன் போய் அவன் தலைமாட்டில் நின்று ஜெபம் பண்ணினாள். பையன் பிழைத்தான். மருந்தில் பிழைத்தானோ மன்றாட்டில் பிழைத்தானோ, செங்கேணி இரண்டையும் சேர்த்தே நம்பினாள்.

இப்போது முகம் வெளுத்து, உதட்டில் ரத்தமே இல்லாமல், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கர்ப்பப்பையில கட்டியாம்டி. எடுத்தே ஆவணும்னு சொல்லிட்டாங்க. ரத்தம் வேற கம்மியா கீதாம், ஏத்தறாங்க. வெள்ளிக்கெயம ஆபரேசன். இன்னா ஆனாலும் நாங்க பொறுப்பில்லன்னு முனியன்கிட்ட கையெய்த்து வாங்கிக்கினாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு ஷாரோனின் கையைப் பிடித்தாள். "நீ வரணும். வெங்கடேசனுக்கு பண்ணியே, அந்த மாதிரி பண்ணணும்."

"பாஸ்டர இட்டுக்கினு வரேன்டி. அவரு நல்லா பண்ணுவாரு."

"பாஸ்டர் எனுக்கு எதுக்கு? கன்னியம்மாகிட்ட நான் சொல்லிக்கினேன். உன் சாமிகிட்ட நீ சொல்லு. அன்னிக்கி அவர வண்டவண்டயா கேட்டியே, ஞாபகம் கீதா? நான் பயந்தே பூட்டேன். ஆனா அப்பதான் எனுக்கு தைரியம் வந்திச்சி. நீ வந்து சொன்னாத்தான் நான் உள்ள போவேன். இல்லன்னா அப்டியே வூட்டுக்கு வந்துடுவேன், சொல்லிட்டேன்."

அவள் புருஷன் முனியன் தெருவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். ஆபரேஷன் பண்ணாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதை அவன் மட்டும் கேட்டிருந்தான். ஷாரோன் வருகிறேன் என்று தலையாட்டினாள். அவள் வேறென்ன செய்ய முடியும்?

அதன்பின் வந்த நாட்களில் அவள் வாயையே திறக்கவில்லை. பேசினால் கெட்டுப்போகும் என்று பயந்து, வேனில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வெங்கடேசன் தலைமாட்டில் என்ன சொன்னோம் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் தட்டுப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போகும்போது போனைப் பார்த்தாள், விஷயம் கேள்விப்பட்ட சுகிர்தா ஏஐயிடம் ஒரு ஜெபம் எழுத வைத்து அனுப்பியிருந்தாள். அறுவை சிகிச்சைக்கு முன் தோழிக்காக. படித்துப் பார்த்தாள். அத்தனை நேர்த்தி. ஒரு நிமிஷம், இதையே மனப்பாடம் பண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதே அவளை மேலும் பயமுறுத்தியது. போனை அணைத்துப் பைக்குள் அடியில் தள்ளினாள்.

வார்டில் செங்கேணிக்கு ரெண்டு சடை பின்னி, பச்சை கவுன் மாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். வளையல், மூக்குத்தியெல்லாம் கழற்றி முனியன் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தான். ஷாரோனைப் பார்த்ததும் செங்கேணி இரண்டு கையையும் நீட்டினாள்.

"வந்துட்டியா. சீக்கிரம் சொல்லு. ஸ்ட்ரெச்சர் வந்துக்கினு கீதாம்."

ஷாரோன் அவள் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. கண்ணை மூடினாள். உள்ளே தேடினாள். உள்ளே ஒன்றும் இல்லை. இல்லாத இடத்திலிருந்து அது தானாகவே கிளம்பியது.

"எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, இந்த அறுவை சிகிச்சை ஒரு முடிவல்ல, ஒரு புதிய தொடக்கம். அச்சம் இருக்கும் இடத்தில் உமது அமைதியை ஊற்றியருளும். மருத்துவர்களின் கரங்களை வழிநடத்தும். புரிந்துகொள்ள இயலாத சமாதானத்தால் இந்த இருதயத்தை நிரப்பும். உம்முடைய அன்பு மகளாகிய" என்று வந்து, அடுத்து வரப்போவது என்னவென்று தெரிந்து, ஷாரோன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட வந்த நர்ஸ், எவ்வளவு நல்ல ஜெபம் என்பதுபோல் நின்று தலையசைத்தாள்.

செங்கேணி கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"இன்னாடி இது? ரேடியோவுல பேசற மாதிரி பேசற?"

ஷாரோன் கண்ணைத் திறந்தாள்.

"சமாதானம் சமாதானம்னு சொல்ற. எனுக்கு சமாதானமாவா கீது? பயத்துல ஈரக்கொல நடுங்குது எனுக்கு. அத்த நீ அவர்கிட்ட சொல்லவே இல்லியே? யாருக்கோ சொல்ற மாதிரி சொல்ற." செங்கேணியின் குரல் உடைந்தது. "உனுக்கு என்மேல கோவமாடி? நான் சபைக்கு வரலன்னு கோவமா?"

"ஐயோ, இல்லடி!"

"அப்ப இன்னா?"

"வரலடி எனுக்கு. வாயே வரல. போன்ல கேட்டுக் கேட்டு படிச்சேன், இப்ப அதான் வருது. உனுக்கு சொல்லணும்னு இத்தினி நாளா தேடறேன், ஒன்னியும் கெடைக்கல. எனுக்கும் பயமா கீதுடி."

"நீ இன்னாத்துக்கு பயப்படற? அறுக்கறது என்னைத்தான்."

"நீ செத்துடுவியோன்னு."

முனியன் பதறிப்போய் எழுந்தான். ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் சொல்கிற வார்த்தையா அது? நர்ஸ் திரும்பி முறைத்தாள். ஆனால் செங்கேணி ஷாரோனின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். மறுபடியும் கையை நீட்டினாள்.

"அத்த சொல்லு. அவர்கிட்ட அத்த சொல்லு."

கண்ணை மூடினால் உள்ளே இருக்கிற அந்த மற்றவள் வந்துவிடுவாள் என்று பயந்து, ஷாரோன் கண்ணைத் திறந்துகொண்டே, செங்கேணியின் வெளுத்த உதட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, செங்கேணிக்கு பயமா கீது. எனுக்கும் பயமா கீது." நிறுத்தினாள். மேலே போக முடியாமல் மூச்சுத் திணறினாள். "இவளுக்கு ஏதாச்சும் ஆச்சி, இனிமே நான் உன்கிட்ட பேசவே மாட்டேன்."

அத்தோடு நின்றுவிட்டது. நீர் போய் நீ வந்திருந்தது. முன்பெல்லாம் எவ்வளவு சண்டை போட்டாலும் கடவுளை அவள் நீ என்று கூப்பிட்டதில்லை. இன்னும் ஏதாவது வருகிறதா என்று வாயைத் திறந்து திறந்து மூடினாள். வரவில்லை. அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. செங்கேணியை ஏற்றிப் படுக்க வைத்தார்கள்.

"அவ்ளோதானா?" என்றாள் செங்கேணி படுத்தபடி.

"அவ்ளோதாண்டி வருது."

செங்கேணி விட்டத்தைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. ஷாரோன் கூடவே ஓடினாள். இறங்கி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று முனியனும் பின்னாலேயே வந்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் செங்கேணி தலையைத் தூக்கினாள்.

"பத்தாதுடி. நான் உள்ள கீற வரைக்கும் சொல்லிக்கினே இரு. அதையே சொல்லு, பரவால்ல. நிறுத்தாத."

கதவு மூடிக்கொண்டது.

ஷாரோன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. கையில் இருந்தது மூன்று வாக்கியம். செங்கேணிக்குப் பயமா கீது, எனுக்குப் பயமா கீது, பேசவே மாட்டேன். மறுபடி சொன்னாள். மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல வார்த்தைகள் தேய்ந்து வழவழப்பாகிக்கொண்டே வந்தன. அந்த வழவழப்பில் மற்றவள் காலடி வைப்பது கேட்டது. "அச்சத்தின் நடுவிலும்" என்று நாக்கு கிளம்பியது. உதட்டைக் கடித்தாள். உப்புக் கரித்தது. உள்ளே செங்கேணியை அறுக்கிறார்கள், நம்மிடம் வெளியே மூன்றே வாக்கியம் இருக்கிறது, அதையும் இது பிடுங்கிக்கொள்ளப் போகிறது என்று நினைத்து, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள்.

"அப்பா, அவ காலைலருந்து ஒன்னியும் துன்னல" என்றது அவள் வாய்.

அவளே திடுக்கிட்டாள். சபையில் இதைச் சொன்னால் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள், ஒருத்தரும் அழ மாட்டார்கள். கடவுளுக்கே இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் இது எந்தப் போனிலும் இல்லை.

"நேத்து ராத்திரியே நிறுத்திட்டாங்க" என்றான் முனியன். தரையில் உட்கார்ந்து, கைக்குட்டை முடிச்சைப் பிடித்தபடி, தலையைத் தூக்காமல் சொன்னான்.

"நேத்து ராத்திரிலருந்து, அப்பா" என்று ஷாரோன் திருத்திச் சொன்னாள். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நிறுத்தினால் செங்கேணிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நடுங்கிக்கொண்டே அடுத்ததைத் தேட ஆரம்பித்தாள்.